ஸ்காட்லாந்து லைட்ஹவுஸ் தீவு பேய்க்கதை: எது நெசம், எது ரீல்?

நைட்ஷிப்ட்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். முந்தாநேத்து ஷிப்ட்ல வேலை கம்மி, சும்மா உக்காந்து யூடியூப் பாத்துட்டு இருந்தேன், ஒரு வீடியோ மாட்டுச்சு. ஸ்காட்லாந்துக்கு மேற்கால ஃபிளானன் தீவுகள்னு ஒண்ணு இருக்காம், ஊரே கிடையாது, ஆடும் கடல் பறவையும்தான், அதுல ஒரு லைட்ஹவுஸ். 1900 டிசம்பர்ல அங்க ட்யூட்டில இருந்த மூணு பேரும் அப்படியே மாயமாயிட்டாங்களாம். பொணம் கூட கிடைக்கல. தேடிப் போனவங்க உள்ள பாத்தா டேபிள்ல பாதி சாப்ட சாப்பாடு, ஒரு சேர் கவுந்து கிடக்கு, கடிகாரம் நின்னு போயிருக்கு, டைரில "இப்படி ஒரு புயல என் இருபது வருஷ சர்வீஸ்ல பாத்ததில்ல, எல்லாரும் அழறோம், ஜெபம் பண்றோம்"ங்கிற மாதிரி எழுதியிருக்கு, ஆனா அந்த நாள்ல புயலே இல்லையாம். வெளிய மூணு கருப்புப் பறவை பாறை மேல உக்காந்து இவங்களையே பாத்துச்சாம், அப்புறம் தண்ணில இறங்கிப் போயிடுச்சாம். இன்னிக்கும் காத்துல அந்த மூணு பேரோட பேரக் கூப்பிடுற சத்தம் கேக்குமாம், ஆடு மேய்க்கிறவங்க ராத்திரி அங்க தங்க மாட்டாங்களாம்.

சத்தியமா சொல்றேன் அன்னிக்கு ரெஸ்ட்ரூம் போக செக்யூரிட்டி அண்ணனத் துணைக்குக் கூப்ட்டுப் போனேன், சிரிக்காதீங்க. இதுல எவ்ளோ உண்மை? யாராச்சும் உருப்படியா படிச்சிருந்தா சொல்லுங்க. "கிராபிக்ஸ் ப்ரோ"ன்னு மட்டும் கமெண்ட் போடாதீங்க.

சுக்குக்காபி:
கிராபிக்ஸ் ப்ரோ.

(சாரி, முடியல.)

பழுப்புத்தாள்:
இந்தக் கேஸ் மேல எனக்கு ரொம்ப நாளாவே ஒரு கிறுக்கு உண்டு, அதனால நீளமாதான் வரும், பொறுத்துக்கோங்க.

மூணு பேர் காணாமப் போனது நூறு சதவீதம் உண்மை. தீவோட பேரு ஐலீன் மோர், ஃபிளானன் கூட்டத்துலயே பெருசு, பெருசுன்னா நம்மூர் கணக்குல நாப்பது ஏக்கர் சொச்சம்தான். லூயிஸ் தீவுலேர்ந்து மேற்கால சுமார் 32 கிலோமீட்டர், அதுக்கப்புறம் அட்லாண்டிக்தான். டேவிட் ஸ்டீவன்சன்னு ஒரு இன்ஜினியர் டிசைன் பண்ணி, 1899 டிசம்பர் 7 அன்னிக்கு முதல்முறையா விளக்கு ஏத்துனாங்க. அதாவது இந்தச் சம்பவம் நடக்கும்போது விளக்குக்கு வயசு ஒண்ணுதான். வீடியோல எல்லாம் என்னவோ நூறு வருஷப் பழைய பாழடைஞ்ச கட்டடம் மாதிரி காட்டுவாங்க, அப்போ அது புத்தம்புதுசு.

உள்ள இருந்தவங்க: ஜேம்ஸ் டக்கட், இவர்தான் ஹெட். தாமஸ் மார்ஷல், அசிஸ்டன்ட். மூணாவது டொனால்ட் மெக்கார்தர், இவரு பர்மனென்ட் ஸ்டாஃப் இல்ல, உடம்பு சரியில்லாம லீவுல போன ஒருத்தருக்குப் பதிலா வந்தவரு. நாலாவது ஆளு ஜோசப் மூர், அந்த நேரத்துல கரைல லீவுல இருந்தாரு. டிசம்பர் 20 அன்னிக்கு ஹெஸ்பெரஸ்ங்கிற கப்பல் ஆள் மாத்தப் போயிருக்கணும், கடல் மோசமா இருந்ததுல போக முடியல, கடைசில 26ம் தேதி மத்தியானம்தான் போய்ச் சேந்துச்சு. கொடிக்கம்பத்துல கொடி இல்ல, காலிப் பெட்டிங்கள துறைல எறக்கி வச்சிருக்கணும், அதுவும் இல்ல. ஊதுனாங்க, ராக்கெட் விட்டாங்க, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. மூர் மட்டும் முதல்ல எறங்கி மேல போனாரு.

இனிமே ரீல் பக்கம் வருவோம்.

சாப்பாடு: பொய். மூர் ரெண்டு நாள் கழிச்சு எழுதின லெட்டர் இருக்கு, அதுல கிச்சன் பாத்திரமெல்லாம் சுத்தமா இருந்துச்சு, மத்தியானச் சாப்பாட்ட முடிச்சுட்டுத்தான் எங்கயோ போயிருக்காங்கன்னு அவரே சொல்றாரு. கழுவிக் கவுத்த பாத்திரத்துல எப்படிங்க பேய்க்கதை எழுதுறது! அதான் 1912ல கிப்சன்னு ஒரு இங்கிலீஷ் கவிஞர் இத வச்சு ஒரு கவிதை எழுதுனாரு, தொடாத சாப்பாடு, கவுந்த நாற்காலி, அந்த மூணு கருப்புப் பறவை எல்லாம் அவரு கைவேலை. கவிதை செம ஹிட், ஸ்கூல் பசங்க மனப்பாடம் பண்ற அளவுக்கு, அப்புறம் ரெண்டு தலைமுறை தாண்டினதும் கவிதைல வந்தது சாட்சி சொன்னது ஆயிடுச்சு.

டைரி: இது அதவிடப் பெரிய பொய். 1929ல ஒரு அமெரிக்க மசாலா பத்திரிகைலதான் அந்த வரிங்க முதல்ல வருது. கொஞ்சம் யோசிச்சாலே தெரியும். அத எழுதுனதா சொல்றது மார்ஷல். அவருக்கு வயசு 28. இருபது வருஷ சர்வீஸ்னா எட்டு வயசுல வேலைக்குச் சேந்தாரா? அதுவும் ஆபீஸ் லாக் புக்குல போய் "ஹெட் இன்னிக்கு எரிச்சலா இருக்காரு, மெக்கார்தர் அழுதாரு"ன்னு ஒரு ஜூனியர் எழுதுவானா? நாளைக்கு அத ஹெட்டே படிப்பாரு, அப்புறம் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற அதிகாரி படிப்பாரு. நம்ம ஆபீஸ் ரெஜிஸ்டர்ல மேனேஜர் மூஞ்சியக் காட்டுறாருன்னு எழுதிப் பாருங்க தெரியும்.

நெசமான லாக்ல 13ம் தேதி வரைக்கும் புக்குல ஏறியிருக்கு. 14ம், 15ம் தேதிக்கு சிலேட்டுல சாக்பீஸால கிறுக்கி வச்சிருக்காங்க, அப்புறமா புக்குல ஏத்தறதுக்கு. 15ம் தேதி காலைல 9 மணிக்கு பாரோமீட்டர், தெர்மாமீட்டர், காத்து நிலவரம், அவ்ளோதான். காலைல விளக்க அணைச்சு, துடைச்சு, எண்ணெய் ஊத்தி, சாயங்காலத்துக்கு ரெடியா வச்சிருக்காங்க. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் வயித்தப் பிசையுற இடம் அந்த சிலேட்டுதான், அத யாரும் வீடியோல காட்ட மாட்டேங்கிறாங்க.

கடிகாரம் நின்னது உண்மைதான், ஆனா அது சாவி குடுக்குற கடிகாரம், பத்து நாள் சாவி குடுக்க ஆள் இல்லன்னா நிக்காம என்ன பண்ணும்.

நைட்ஷிப்ட்காரன்:
அடப்பாவிகளா, எட்டு வயசு மேட்டர் எனக்குத் தோணவே இல்ல. தேங்க்ஸ் ப்ரோ. ஆனா அப்போ மூணு பேரும் எங்க போனாங்க? ஒருத்தர் தவறி விழலாம், மூணு பேரும் ஒரே நேரத்துல எப்படி? அதுவும் ஒருத்தரோட கோட்டு உள்ளயே மாட்டியிருந்துச்சுன்னு சொன்னாங்களே, அது நெசமா?

பழுப்புத்தாள்:
கோட்டு நெசம். டக்கட் கடல் பூட்ஸும் வாட்டர்ப்ரூஃப் கோட்டும் போட்டுப் போயிருக்காரு, மார்ஷல் பூட்ஸும் மழைக்கோட்டும். இத ரெண்டும் அவங்க துறைக்கு எறங்கும்போது மட்டும்தான் போடுவாங்கன்னு மூர் சொல்லியிருக்காரு. மெக்கார்தரோட கோட்டு மட்டும் அங்கயே தொங்குது, அதாவது டிசம்பர் குளிர்ல மனுஷன் சட்டையோட வெளிய ஓடியிருக்காரு.

29ம் தேதி மியூர்ஹெட்னு சூப்பரின்டெண்டன்ட் நேர்ல போய் பாத்து, ஜனவரி 8 தேதி போட்டு ரிப்போர்ட் குடுத்தாரு. தீவுல படகு அணையுற துறை ரெண்டு, கிழக்கால ஒண்ணு, மேற்கால ஒண்ணு. கிழக்குத் துறைல ஒரு சேதமும் இல்ல. மேற்குத் துறைலதான் கூத்து. கடல் மட்டத்துலேர்ந்து 110 அடி உயரத்துல பாறை இடுக்குல ஒரு மரப்பெட்டி, கப்பல் கட்டுற கயிறெல்லாம் அதுலதான் இருக்கும். அது சுக்குநூறா உடைஞ்சு கயிறெல்லாம் செதறிக் கிடக்கு. இரும்புக் கைப்பிடிக் கம்பியெல்லாம் வளைஞ்சிருக்கு. ஒரு டன்னுக்கு மேல கனமுள்ள பாறை ஒண்ணு நகந்திருக்கு. 200 அடி உயரத்துல, மலை உச்சி ஓரத்துல, புல்தரை அப்படியே உரிஞ்சு போயிருக்கு.

காத்து தூக்கிட்டுப் போயிருக்குமான்னு அவரும் யோசிச்சிருக்காரு, ஆனா காத்து மேற்குலேர்ந்து அடிச்சா ஆளத் தீவுக்குள்ளதான் தள்ளும், கடல் பக்கம் தள்ளாது. அதனால அத விட்டுட்டாரு. 15ம் தேதி சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெட்டிய பத்திரப்படுத்தப் போனாங்க, எதிர்பாக்காம ஒரு பெரிய அலை அவங்க நின்ன எடத்துக்கும் மேல ஏறித் திரும்பி எறங்கும்போது வாரிக்கிட்டுப் போயிடுச்சு. இதான் அவரு முடிவு.

சுக்குக்காபி:
200 அடின்னா இருபது மாடி. அலை இருபது மாடி ஏறுமா? நான் மெரினால பாத்த அலை முட்டிக்கு மேல வந்ததில்ல. இதுக்குப் பேயே தேவல.

கரைமடி:
மக்கா, மெரினாவ வச்சு கடல அளக்காதீங்க.

நான் கன்னியாகுமரி மாவட்டம், வீடு கடலுக்குப் பக்கத்துல, அப்பா தாத்தா எல்லாம் தொழிலுக்குப் போனவங்க. ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, மணல் கரைல அலை வந்தா படுத்துரும், பாறைல வந்தா எந்திரிக்கும். அந்த மேற்குத் துறைப் பக்கம் ஸ்கியோபாகியோன்னு ஒரு இடுக்கு இருக்கு, ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, குறுகலான வாய்க்கா மாதிரி, கடைசில குகை. பெரிய அலை அதுக்குள்ள பூந்துச்சுன்னா பக்கவாட்டுல போக வழியில்ல, பின்னால வர்ற தண்ணி தள்ளுது, மேல போறதத் தவிர என்ன செய்யும்? முட்டம் பாறைப் பக்கம் வந்து பாருங்க, கீழ அலை சாதாரணமாத்தான் தெரியும், ஒரு சந்துக்குள்ள மாட்டினா தலைக்கு மேல பீச்சும். இது சின்ன சாம்பிள். அங்க அட்லாண்டிக் முழுசும் வந்து மோதுது.

ரெண்டாவது, கள்ளக்கடல். எங்க பக்கமும் கேரளாவுலயும் இதான் பேரு, இப்போ வானிலை எச்சரிக்கைலயே இந்தப் பேரத்தான் போடுறாங்க. இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வெயில் அடிக்கும், எங்கயோ தெற்குல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிச்ச புயலோட அலை சில நாள் கழிச்சு திருடன் மாதிரி வந்து கரையேறும். 2024 மே மாசம் லெமூர் பீச்சுல பயிற்சி டாக்டர் புள்ளைங்க அஞ்சு பேரு போனது ஞாபகம் இருக்கா, அதுவும் இந்த மாதிரி நாள்லதான். அதனால "புயலே இல்லயே, அப்புறம் எப்படி அலை"ன்னு வீடியோல கேக்குறான்ல, அது கடல் தெரியாதவன் கேக்குற கேள்வி.

எங்க தாத்தா வள்ளம் எறக்கும்போது ஒடனே தள்ள விட மாட்டாரு. நின்னு பாப்பாரு, பெரிய அலைக வரிசையா வந்து முடிஞ்சு ஒரு அமைதி வரும், அப்பதான் "ம், தள்ளு"ன்னுவாரு. அந்த அமைதிய நம்பித்தான் அங்கயும் கீழ எறங்கியிருப்பாங்கன்னு தோணுது. அடுத்த வரிசை வர்றதுக்கு முன்னால பெட்டியக் கட்டிட்டு ஏறிரலாம்னு.

நைட்ஷிப்ட்காரன்:
அண்ணே புல்லரிக்குது. அப்போ அந்த மூணாவது ஆளு?

கரைமடி:
அது யூகம்தான் தம்பி. ஒருத்தன் விழுந்திருப்பான், இன்னொருத்தன் மேல ஓடிவந்து கத்தியிருப்பான், உள்ள இருந்தவன் கோட்டு மாட்டிக்கிட்டா நிப்பான்? கடல்புறத்துல ஒருத்தன் போனா பின்னாலயே ரெண்டு பேரு குதிப்பான், நான் கண்ணால பாத்தது உண்டு, அத இங்க எழுத வேண்டாம்.

செகண்ட்மேட்:
நான் கப்பல்ல இருக்கேன், இப்போதான் நெட் கிடைச்சுது, லேட் என்ட்ரி.

யாரும் சொல்லாத ஒண்ணு. 15ம் தேதி ராத்திரி ஆர்க்டார்னு ஒரு ஸ்டீமர் ஃபிலடெல்ஃபியாலேர்ந்து லீத் துறைமுகத்துக்குப் போற வழில அந்தப் பக்கமா வந்திருக்கு, விளக்கு எரியலன்னு கவனிச்சிருக்காங்க. அந்தக் காலத்துல ஒயர்லெஸ் கிடையாது, பாத்தத யாருக்கும் சொல்ல முடியாது, கரைக்குப் போனப்புறம்தான். நடுராத்திரி பிரிட்ஜ்ல நிக்கும்போது இருக்க வேண்டிய விளக்கு இல்லன்னா முதல்ல நம்ம பொசிஷன்தான் தப்போன்னு நெஞ்சு அடிச்சுக்கும், மறுபடி மறுபடி சார்ட்டப் பாப்போம். எனக்கு ஒரு தடவ நடந்திருக்கு, ஜிபிஎஸ் இருந்தும் கை நடுங்குச்சு, 1900ல அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்.

கரைலேர்ந்து பாக்கவும் ஆள் போட்டிருந்தாங்க. லூயிஸ் தீவுல ஒரு கேம்கீப்பர், வேட்டைக்காட்டக் காவல் காக்குறவரு, அவருக்கு விளக்கு தெரியுதான்னு தினம் பாத்து எழுதுற வேலையும் குடுத்திருந்தாங்க. டிசம்பர் 7ம் தேதி தெரிஞ்சுது, அப்புறம் நாலு நாள் தெரியல, 12ம் தேதி தெரிஞ்சுது, அப்புறம் 26 வரைக்கும் இல்ல. ஆனா அந்தப் பக்கம் மூட்டம் போட்டா விளக்கு மறையுறது சகஜம், அதனால யாருக்கும் பகீர்னு தோணல. இது யார் குத்தம்னு சொல்றது கஷ்டம்.

அப்புறம் ஏன் மூணு பேருன்னு ஒரு உபகதை. அதுக்கு நூறு வருஷம் முன்னாடி, 1801 வாக்குல, வேல்ஸ் கரைக்கு வெளிய ஸ்மால்ஸ்னு ஒரு பாறை லைட்ஹவுஸ், ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அதுல ஒருத்தர் செத்துட்டாரு. கடல்ல போட்டா நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லுவாங்கன்னு இன்னொருத்தர் பயந்து, பெட்டி செஞ்சு பொணத்த வெளில கட்டி வச்சிருக்காரு. காத்துல பெட்டி உடைஞ்சு கை மட்டும் வெளிய தொங்கி ஆடுனதாகவும், தூரத்துல போன கப்பல்காரங்க யாரோ கையாட்டுறாங்கன்னு நெனச்சுப் போயிட்டதாகவும் சொல்லுவாங்க. கை ஆடுன பகுதிக்கு நான் கேரண்டி இல்ல. ஆனா அதுக்கப்புறம்தான் ஒரு விளக்குக்கு மூணு பேருன்னு வழக்கம் வந்துச்சு. ஐலீன் மோர்ல அந்த மூணும் ஒண்ணாப் போனதுதான் கொடுமை.

சுக்குக்காபி:
சரி ஒத்துக்கிறேன், அலைதான். ஆனா ஆடு மேய்க்கிறவன் ராத்திரி தங்க மாட்டான், பேர் சொல்லிக் கூப்பிடும், அதெல்லாமும் யூடியூப்காரன் விட்ட கதையா?

பழுப்புத்தாள்:
பேர் சொல்லிக் கூப்பிடுற சத்தம் பிற்காலத்து ஒட்டு. ஆனா தீவு மேல பயம் இருந்தது லைட்ஹவுஸுக்கெல்லாம் ரொம்ப முந்தி, அது அசல். எனக்கு இந்தப் பேய விட அதுதான் ருசி.

மார்ட்டின் மார்ட்டின்னு ஒருத்தர் (ஆமா, ரெண்டும் அதேதான்) 1703ல போட்ட புத்தகத்துல எழுதி வச்சிருக்காரு. லூயிஸ்லேர்ந்து பறவை பிடிக்க அங்க போறவங்க கிழக்குக் காத்துல கெளம்புவாங்க, பாதில காத்து மேற்கா மாறிச்சுன்னா அப்படியே திரும்பிருவாங்க. மேல ஏறினதும் தொப்பியக் கழட்டி, சூரியன் சுத்துற திசைல ஒரு சுத்து சுத்தி கடவுளுக்கு நன்றி சொல்லணும். செயின்ட் ஃபிளானன் பேர்ல ஒரு சின்னக் கல்லுக் கோயில் இருக்கு, இடிஞ்சது இன்னமும் நிக்குது. அதுக்கு இருபது அடி வைக்கும் முன்னாடியே மேல் சட்டையக் கழட்டி வச்சிட்டு, முட்டி போட்டு நகந்துபோய் ஜெபம் பண்ணணும். சாயங்கால ஜெபத்துக்கப்புறம் ஒரு பறவையையும் கொல்லக்கூடாது.

அதவிட, அங்க இருக்குற வரைக்கும் சில வார்த்தைகள வாயில எடுக்கவே கூடாது. தண்ணிக்கு வழக்கமா சொல்ற பேரு கூடாது, வேற வார்த்தை. பாறையப் பாறைன்னு சொல்லக்கூடாது, "கெட்டியானது"ன்னு சொல்லணும். கரையக் "குகை"ன்னு சொல்லணும். தீவோட பேரையே சொல்லக்கூடாது, "நாடு"ன்னு மட்டும் சொல்லணும். எங்க ஆச்சி ராத்திரில பாம்புன்னு சொல்ல விடாது, "பூச்சி"ன்னுதான் சொல்லணும், விளக்கு வச்சப்புறம் பக்கத்து வீட்டுல உப்புன்னு பேர் சொல்லிக் கேக்கக்கூடாது. அது மாதிரியேதான். ஆபத்தான எடத்துல வாய அடக்கி, கைய அடக்கி, காத்து மாறினா திரும்பி வந்துடுன்னு இந்தச் சடங்கெல்லாம் சேத்துப் பாத்தா ஒருவகை சேஃப்டி மேனுவல் மாதிரி இருக்கு. அந்தப் பறவைக்காரங்களுக்குக் காத்து மாறினா வீட்டுக்குப் போற உரிமை இருந்துச்சு. விளக்குக்காரங்களுக்கு அது கிடையாது.

கரைமடி:
கடைசி ரெண்டு வரி நெத்தியடி. எங்க தாத்தாவும் கடல்ல வச்சு சில மீன் பேரச் சொல்ல மாட்டாரு.

நைட்ஷிப்ட்காரன்:
இவ்ளோ விஷயம் வரும்னு நெனைக்கல, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணே ஒண்ணு. 26ம் தேதி அந்த மூர் உள்ள போய் யாரும் இல்லன்னு பாத்தாருல்ல. அன்னிக்கு ராத்திரி அந்தத் தீவுல யாரு இருந்தா? பூட்டிட்டு வந்துட்டாங்களா?

பழுப்புத்தாள்:
பூட்டல. ஹெஸ்பெரஸ் கேப்டன் ஹார்வி, மூரோட இன்னும் மூணு பேர எறக்கி விட்டுட்டு, தந்தி குடுக்க லூயிஸுக்குப் போயிட்டாரு. அந்த மூணு பேரும் கப்பல் ஆளுங்க, லைட்ஹவுஸ் வேலை பழக்கமில்லாதவங்க. மூருக்குத்தான் எல்லாம் தெரியும், எந்தக் கட்டில் யாருது, எந்தக் கொக்கில யாரோட கோட்டுன்னு. மூணும் கலைஞ்ச படுக்கை, அணைஞ்ச அடுப்பு. மூர் அவங்களோட சேந்து சாப்ட்டு, மாறி மாறி விளக்குக் காத்தவரு. மியூர்ஹெட்டே ரிப்போர்ட்ல சொல்றாரு, டிசம்பர் 7ம் தேதி தான் அங்க போயிருந்ததாகவும், அவங்களுக்குக் கடைசியா கைகுடுத்தது தான்தான்னும். அதே ரிப்போர்ட்லதான் மூரப் பத்தியும் வருது, மனுஷன் ரொம்ப ஆடிப் போயிருக்காரு, இந்தப் படபடப்பு அடங்கலன்னா வேற எடத்துக்கு மாத்தணும்னு.

ஆனா 26 ராத்திரி விளக்கு எரிஞ்சுது. 15ம் தேதி காலைல யாரோ துடைச்சு எண்ணெய் ஊத்தி ரெடியா வச்சிட்டுப் போனாங்கல்ல, அத மூர் பத்த வச்சாரு.